வெளியே பூட்டிக்கொள்ளாமல் சர்வரை நிர்வகிப்பது: கட்டளை வழியில் ஒரு முழுமையான வழிகாட்டி

தொலைவில் இருக்கும் சர்வரைக் கையாளப் புதிதாக வருபவர்கள் தவறான கட்டளையால் மாட்டிக்கொள்வதைவிட, சரியான கட்டளையைத் தவறான நேரத்தில் தட்டி மாட்டிக்கொள்வதையே அதிகம் பார்த்திருக்கிறேன். ஃபயர்வாலை, அதாவது வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவலை, இயக்குவது நல்லதுதான். எஸ்எஸ்ஹெச்சுக்கு (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழி விடுவதற்கு முன்பே இயக்கிவிட்டால், நீங்கள் வெளியே நிற்பீர்கள். பாஸ்வேர்டு நுழைவை மூடுவதும் நல்லதுதான். பாஸ்வேர்டுக்குப் பதில் நுழையப் பயன்படும் சாவிக் கோப்பு வேலை செய்கிறதா என்று பார்க்காமல் மூடினால் அதே கதை.

அதனால் இந்த வழிகாட்டியில் கட்டளைகளைவிட அவற்றின் வரிசைதான் முக்கியம். உபுண்டு, டெபியன் சர்வர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ரெட்ஹேட் குடும்பத்தில் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

கட்டளைப் பெயர்களை வாசிக்கிற ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து என்று நான் சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்துதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சர்வரின் ஐபி முகவரி, முதல் முறை நுழையப் பயனர் பெயர், அதற்கான பாஸ்வேர்டு அல்லது சாவி. இவை இல்லாமல் யாரும் தொடங்குவதில்லை. பலர் மறப்பது அடுத்த இரண்டை.

முதலாவது கன்சோல். சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் பிரவுசரிலேயே திறக்கும் கன்சோல் ஒன்றைத் தருகின்றன. எஸ்எஸ்ஹெச் செத்துப்போனாலும் இது வேலை செய்யும், ஏனென்றால் இது சர்வரின் திரையையும் விசைப்பலகையையும் நேரடியாக உங்களிடம் தருகிறது. இப்போதே திறந்து, உள்ளே நுழைய முடிகிறதா என்று பாருங்கள். கன்சோல் எஸ்எஸ்ஹெச் சாவியை ஏற்காது, பாஸ்வேர்டுதான் கேட்கும். சாவி மட்டும் வைத்து உருவாக்கிய சர்வரில் பெரும்பாலும் எந்தப் பயனருக்கும் பாஸ்வேர்டே இருக்காது. அவசரத்தில் கன்சோலைத் திறந்து, தட்டுவதற்கு எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது ஸ்னாப்ஷாட், அதாவது சர்வரின் இப்போதைய நிலையின் நகல். வேலை தொடங்கும் முன் ஒன்று எடுத்துவையுங்கள்.

உங்கள் கணினியில் எஸ்எஸ்ஹெச் வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் அநேகமாக ஏற்கெனவே இருக்கும். விண்டோஸ் 10-இல் 2018 முதல் கூடவே வருகிறது. டெர்மினலில் எஸ்எஸ்ஹெச் என்று எழுதி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் பெரிய எழுத்து வியும் தட்டினால் பதிப்பு எண் தெரியும்.

2. முதல் இணைப்பு: கைரேகையைப் படியுங்கள்

எஸ்எஸ்ஹெச், இடைவெளி, பயனர் பெயர், அட் குறி, ஐபி முகவரி. இவ்வளவுதான் கட்டளை. முதல் முறை இணையும்போது, 'இந்தச் சர்வரை எனக்குத் தெரியாது, இதன் கைரேகை இது, தொடரலாமா?' என்று கேட்கும். எல்லோரும் படிக்காமல் யெஸ் என்று தட்டுகிறார்கள்.

இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. நடுவில் வேறொருவர் உட்கார்ந்து, நான்தான் உன் சர்வர் என்று நடித்தால், அதைக் கண்டுபிடிக்க இருப்பது இந்தக் கைரேகை ஒன்றுதான். கன்சோலில் நுழைந்து, எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையை -எல்எஃப் தெரிவோடு சர்வரின் இடி25519 வகைப் பொதுச்சாவிக் கோப்புக்கு இயக்குங்கள். அந்தக் கோப்பு ஈடிசி ஃபோல்டருக்குள் உள்ள எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் இருக்கும். அங்கே வரும் வரியும் உங்கள் திரையில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் யெஸ்.

பிறகு எப்போதாவது, சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தால், முதலில் உங்களையே கேளுங்கள்: சர்வரை மறுபடி நிறுவினேனா? அதே ஐபி வேறு சர்வருக்குப் போனதா? ஆம் என்றால் எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையை -ஆர் (பெரிய எழுத்து) தெரிவோடும் சர்வர் பெயரோடும் இயக்கி, அந்த ஒரு பதிவை மட்டும் நீக்குங்கள். இல்லை என்றால் நிறுத்துங்கள், காரணம் தெரியாமல் தொடராதீர்கள். இந்தப் பதிவுகள் எல்லாம் இருக்கும் நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பையே அழித்துவிடுவது வழக்கமான தவறு. அப்படிச் செய்தால் மற்ற எல்லாச் சர்வர்களின் நினைவும் போய்விடும்.

3. ரூட்டை விட்டு வெளியே வாருங்கள்

ரூட் என்பது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிப் பயனர். சாவிக்கு முன்பு உங்களுக்கென ஒரு பயனர். சாவி ஒரு பயனரின் வீட்டு ஃபோல்டருக்குள்தான் போகும் என்பதால் இந்த வரிசை. சாவியை ரூட்டுக்குப் போட்டுவிட்டு, பிறகு புதுப் பயனரை உருவாக்கி, அப்புறம் ரூட் நுழைவை மூடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். சாவி இருக்கும் கதவு மூடிவிட்டது, திறந்த கதவுக்குச் சாவி இல்லை.

ரூட்டாக நுழைந்து ஆட்யூசர் கட்டளையால் உங்கள் பெயரில் பயனரை உருவாக்குங்கள். அது கேட்கும் பாஸ்வேர்டை வலுவாகக் கொடுத்துப் பத்திரமாக வையுங்கள். கன்சோலுக்கும் சூடோவுக்கும் (ரூட் உரிமையோடு ஒரு கட்டளையை இயக்கும் வழி) அதுதான் வேண்டும்.

அடுத்து யூசர்மாட் கட்டளையை -ஏஜி தெரிவோடு இயக்கி அவரைச் சூடோ குழுவில் சேருங்கள். இதில் ஜி பெரிய எழுத்து. ரெட்ஹேட் குடும்பத்தில் குழுவின் பெயர் வீல். அந்த ஏ எழுத்தை விட்டுவிடாதீர்கள். ஏ இருந்தால் 'இருப்பதோடு சேர்', இல்லாவிட்டால் 'இருப்பதை எல்லாம் நீக்கிவிட்டு இதை மட்டும் வை'. புதுப் பயனருக்கு அதனால் நஷ்டம் இல்லை. ஆனால் பழகிய கை, ஆறு மாதம் கழித்து டாக்கர் போன்ற வேறொரு குழுவில் ஒருவரைச் சேர்க்கும்போது ஏவை மறந்தால், அவரது சூடோ உரிமை போய்விடும்.

குழு மாற்றம் புதிதாக நுழையும்போதுதான் நடைமுறைக்கு வரும். எனவே புது ஜன்னலில் அந்தப் பயனராக நுழைந்து, சூடோ ஹூஅமை என்று தட்டிப் பாருங்கள். ரூட் என்று பதில் வர வேண்டும்.

சூடோ கோப்பைத் திருத்த வேண்டி வந்தால் விசூடோ வழியாக மட்டும் திருத்துங்கள். சேமிக்கும் முன் இலக்கணப் பிழையைப் பார்த்துச் சொல்லும். சாதாரண எடிட்டரில் ஒரு பிழை விட்டால், சூடோவே வேலை செய்யாமல் போகலாம். அதைச் சரிசெய்யவும் சூடோ வேண்டும்.

இன்னொன்று: சூடோ எக்கோ என்று தட்டி, பெரிதுக் குறியால் ஒரு கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். எக்கோவைத்தான் சூடோ இயக்குகிறது, கோப்பைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல். எக்கோவின் வெளியீட்டைப் பைப் குறியால் சூடோ டீ கட்டளைக்கு அனுப்பினால் வேலை முடியும்.

4. சாவி ஜோடியை உருவாக்குவது

இதை உங்கள் கணினியில் செய்ய வேண்டும், சர்வரில் அல்ல. ஏற்கெனவே உள்ளே நுழைந்த ஜன்னல் திறந்திருப்பதால் அதிலேயே தட்டிவிடுகிறார்கள். தனிச்சாவி, அதாவது ஜோடியில் உங்களிடம் மட்டும் இருக்க வேண்டிய பாதி, சர்வரில் உருவாகி, அங்கேயே கிடக்கும், எதற்கும் பயன்படாது. பிராம்ப்டில் எந்தக் கணினியின் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளைக்கு -டி (டைப் என்பதன் முதல் எழுத்து) கொடுத்து இடி25519 என்று வகையைச் சொல்லுங்கள். 2023-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.5 முதல் சொல்லாவிட்டாலும் இந்த வகைதான் உருவாகும். பழைய பதிப்பில் சொல்லியே ஆக வேண்டும். ஏற்கெனவே ஒரு சாவி இருந்து, மேலே எழுதட்டுமா என்று கேட்டால் நோ சொல்லுங்கள். யெஸ் சொன்னால் பழைய சாவியை நம்பியிருக்கும் எல்லாச் சர்வர்களும் உங்கள் கையை விட்டுப் போகும்.

சாவிக்கு ஒரு கடவுச்சொல் கேட்கும். காலியாக விடாதீர்கள். மடிக்கணினி தொலைந்தால், எடுத்தவர் சர்வருக்குள் நுழையாமல் தடுப்பது அதுதான். ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டுமே என்று கவலை வேண்டாம்: எஸ்எஸ்ஹெச்-ஆட் கட்டளையால் சாவியை ஏஜென்ட்டிடம் (பின்னணியில் ஓடும் உதவி நிரல்) ஒருமுறை ஒப்படைத்தால், அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஜோடியின் மறுபாதியான பொதுச்சாவியைச் சர்வருக்கு அனுப்ப எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி போதும். விண்டோஸில் அது இல்லை. அங்கே டாட் பப் என்று முடியும் கோப்பைத் திறந்து, அதில் உள்ளதை நகலெடுத்து, சர்வரில் உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் ஆதரைஸ்டு_கீஸ் என்ற கோப்பில் ஒட்ட வேண்டும். ஒரு சாவி ஒரே வரியில் இருக்க வேண்டும். ஒட்டும்போது நடுவில் வரி உடைந்தால் சாவி செல்லாது.

கையால் செய்தவர்கள் அனுமதிகளையும் பாருங்கள்: ஃபோல்டருக்கு 700, கோப்புக்கு 600. உங்கள் வீட்டு ஃபோல்டரில் உங்களைத் தவிர மற்றவர்கள் எழுத அனுமதி இருக்கக் கூடாது. இருந்தால், வேறு யாரோ சாவியைச் சேர்த்திருக்கலாம் என்று கருதி, சர்வர் எல்லாச் சாவிகளையும் நிராகரிக்கும். உங்கள் திரையில் காரணம் சொல்லாது, சர்வரின் லாகில் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவு) மட்டும் எழுதும். 'சாவி சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பாஸ்வேர்டு கேட்கிறது' என்ற புகாருக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஒவ்வொரு கணினிக்கும் வேறு வேறு சாவி ஜோடி வையுங்கள். ஒரே சாவியைப் பல கணினிகளுக்கு நகலெடுத்தால், ஒன்று தொலைந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். தனித்தனி என்றால் ஒரு வரியை நீக்கினால் போதும்.

5. பாஸ்வேர்டு நுழைவை மூடுவது

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாத நேரத்தில் செய்யுங்கள். விதி ஒன்றுதான்: நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஜன்னலை, இன்னொரு ஜன்னலில் வெற்றிகரமாக நுழையும்வரை மூடக் கூடாது.

முதல் ஜன்னலில் சர்வருக்குள் இருங்கள். இரண்டாவது ஜன்னல் திறந்து, சாவியால் நுழைய முடிகிறதா, சூடோ வேலை செய்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆன பிறகே மேலே போகலாம்.

எஸ்எஸ்ஹெச் சர்வரின் அமைப்புக் கோப்பு எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக். அதன் கூடவே, அதே பெயரோடு டாட் டி என்று முடியும் ஒரு ஃபோல்டர் இருக்கும். இங்கே ஒரு பொறி. பெரும்பாலான மென்பொருள்களில் கடைசியாகச் சொன்னது செல்லும். எஸ்எஸ்ஹெச்டியில், அதாவது சர்வரில் ஓடும் எஸ்எஸ்ஹெச் நிரலில், முதலில் சொன்னதுதான் செல்லும். இந்த ஃபோல்டரில் உள்ள கோப்புகள், முதன்மைக் கோப்பில் உள்ளவற்றுக்கு முன்பே படிக்கப்படுகின்றன. பல கிளவுட் சர்வர்களில் இந்த ஃபோல்டரில் சர்வரை முதலில் அமைத்த கிளவுட்-இனிட் நிரலின், 50 என்று தொடங்கும் கோப்பு ஒன்று, பாஸ்வேர்டு நுழைவுக்கு யெஸ் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும். நீங்கள் முதன்மைக் கோப்பில் நோ என்று மாற்றி, மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள். கதவு திறந்தே இருக்கும்.

எனவே அந்த ஃபோல்டரில் 00 என்று தொடங்கி டாட் கான்ஃப் என்று முடியும் பெயரில் புதுக் கோப்பு ஒன்று உருவாக்குங்கள். அதில் மூன்று வரிகள்: பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் நோ, கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன் நோ, பெர்மிட்ரூட்லாகின் நோ. நடு வரியை விட்டுவிட்டால், சில சர்வர்களில் பாஸ்வேர்டு வேறு வழியாகக் கேட்கப்படும்.

இப்போது சூடோ எஸ்எஸ்ஹெச்டி -டி (டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து). இது கோப்பில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், எதையும் மாற்றாது. எதுவும் சொல்லாமல் திரும்பினால் சரி. அடுத்து அதே கட்டளையில் டியைப் பெரிய எழுத்தாக்கினால், எல்லாக் கோப்புகளையும் படித்த பிறகு உண்மையில் எந்த மதிப்பு நிற்கிறது என்று காட்டும். மேலே சொன்ன பொறியில் விழுந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு சிஸ்டம்சிடிஎல் ரீலோட். சேவையின் பெயர் உபுண்டு, டெபியனில் எஸ்எஸ்ஹெச், ரெட்ஹேட் குடும்பத்தில் எஸ்எஸ்ஹெச்டி. ஏற்கெனவே திறந்த இணைப்புகள் அப்படியே இருக்கும். அதனால்தான் முதல் ஜன்னல் உங்களுக்குக் காப்பீடு.

மூன்றாவது ஜன்னலில் புதிதாக நுழையுங்கள். நுழைந்தால் பாதி வேலை முடிந்தது. மறுபாதி, பாஸ்வேர்டு உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று பார்ப்பது: எஸ்எஸ்ஹெச் கட்டளைக்கு -ஓ கொடுத்து பப்கீஆதென்டிகேஷன்=நோ என்று சேர்த்து இணைய முயலுங்கள். பாஸ்வேர்டு கேட்காமலே அனுமதி மறுக்கப்பட வேண்டும். இதுவும் ஆன பிறகு முதல் ஜன்னலை மூடலாம்.

எஸ்எஸ்ஹெச் கேட்கும் கதவு எண்ணான போர்ட் 22-ஐ மாற்றலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மாற்றினால் லாகில் தானியங்கி முயற்சிகளின் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். பாஸ்வேர்டை மூடிய சர்வருக்கு அதனால் பெரிதாகக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்காது என்பது என் கருத்து. மாற்றத்தான் வேண்டும் என்றால், ஃபயர்வாலில் புதுப் போர்ட்டை முதலில் திறங்கள். எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இருந்தால் அதற்கும் சொல்லுங்கள். புதிய உபுண்டுவில் எஸ்எஸ்ஹெச் சாக்கெட் வழியாகத் தொடங்குவதால், டெமன்-ரீலோட் செய்து சாக்கெட்டையும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

6. ஃபயர்வால்

இங்கே ஃபயர்வாலை நிர்வகிக்கும் கருவி யூஎஃப்டபிள்யூ. யூஎஃப்டபிள்யூ அலவ் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் முதலில். யூஎஃப்டபிள்யூ எனேபிள் பிறகு. நடுவில் உங்களுக்கு வேண்டிய மற்றப் போர்ட்டுகள், உதாரணமாக இணையத்தளம் என்றால் 80, 443. இயக்கியதும், சொல்லாத உள்வரும் இணைப்பு எல்லாம் மறுக்கப்படும் என்பதால்தான் இந்த வரிசை. இயக்கிய பிறகும் பழைய ஜன்னலை மூடாமல் புது ஜன்னலில் நுழைந்து பாருங்கள்.

வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் தளத்தில் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கலாம். இரண்டிலும் திறந்தால்தான் வழி. ஒன்றில் திறந்துவிட்டு மற்றதைத் தேடாமல் மணிக்கணக்கில் குழம்புவது வழக்கம்.

டாக்கர் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூவைத் தாண்டிச் சென்றுவிடும். டேட்டாபேஸ் கன்டெய்னரின் போர்ட்டை வெளியிடும்போது முன்னால் 127.0.0.1 என்று சேருங்கள். இல்லாவிட்டால் ஃபயர்வால் மூடியிருப்பதாகக் காட்டும், டேட்டாபேஸ் உலகத்துக்கே திறந்திருக்கும்.

7. உங்கள் கணினியில் கான்ஃபிக் கோப்பு

ஐபியையும் பயனர் பெயரையும் ஒவ்வொரு முறையும் தட்டினால் ஒருநாள் தவறான சர்வருக்குள் போவீர்கள். உங்கள் கணினியின் டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் கான்ஃபிக் என்ற கோப்பில், ஒவ்வொரு சர்வருக்கும் ஹோஸ்ட் என்று தொடங்கி ஒரு பெயர் கொடுங்கள். கீழே ஹோஸ்ட்நேம், யூசர், ஐடென்டிட்டிஃபைல். எண்களைப் பெயராக வைக்காமல், உண்மைச் சர்வரையும் சோதனைச் சர்வரையும் ஒரே பார்வையில் பிரித்தறியும்படி பெயர் வையுங்கள்.

சர்வர்அலைவ்இன்டர்வல் 60 என்று சேர்த்தால், நிமிடத்துக்கு ஒருமுறை நலம் விசாரித்து, சும்மா இருக்கும் இணைப்பை நடுவில் உள்ள ரவுட்டர் வெட்டாமல் பார்த்துக்கொள்ளும். நிறையச் சாவிகள் வைத்திருப்பவர்கள் ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ் சேருங்கள். இல்லாவிட்டால் ஏஜென்ட் எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாக நீட்டும். சர்வர் இயல்பாக 6 முயற்சிகள்தான் அனுமதிக்கும். சரியான சாவி ஏழாவதாக இருந்தால் உள்ளே போக முடியாது.

ஒரு சர்வர் வழியாக இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பிராக்ஸிஜம்ப் பயன்படுத்துங்கள். ஏஜென்ட் ஃபார்வர்டிங் வேண்டாம். அதை இயக்கினால், நடுச் சர்வரில் ரூட் உரிமை உள்ளவர் நீங்கள் இணைந்திருக்கும்வரை உங்கள் சாவியால் மற்றச் சர்வர்களுக்குள் நுழைய முடியும்.

8. டிமக்ஸ் இல்லாமல் நீண்ட வேலை தொடங்காதீர்கள்

உங்கள் இணையம் அறுந்தால், அந்த இணைப்பில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் பெரும்பாலும் சாகும். பேக்கேஜ் மேம்படுத்தல் நடுவில் அப்படி நின்றால், பாதி நிறுவிய நிலையில் சர்வர் நிற்கும்.

டிமக்ஸ் சர்வரிலேயே ஓடி, இணைப்பு அறுந்தாலும் வேலையை உயிரோடு வைத்திருக்கும் நிரல். டிமக்ஸ் நியூ -ஏ -எஸ் என்று தட்டி ஒரு பெயர் கொடுங்கள். இந்த ஏ பெரிய எழுத்து. அந்தப் பெயரில் அமர்வு இருந்தால் அதில் சேரும், இல்லையென்றால் புதிதாகத் திறக்கும். வெளியே வர கன்ட்ரோல்-பி (பஸ் என்பதன் முதல் எழுத்து) அழுத்தி விட்டு, பிறகு டி (டீட்டாச் என்பதன் முதல் எழுத்து). வேலை உள்ளே தொடரும். மறுபடி அதே கட்டளை, அதே திரை. இணைப்பு அறுந்த பிறகு டிமக்ஸை நினைத்துப் பயனில்லை, முதலிலேயே அதற்குள் இருக்க வேண்டும்.

இணைப்பு உறைந்து ஜன்னல் எதற்கும் அசையாதபோது, என்டர், பிறகு டில்டே குறி, பிறகு புள்ளி. எஸ்எஸ்ஹெச் அந்த இணைப்பைத் தானே வெட்டிவிடும். அதற்கு முன் கன்ட்ரோல்-கியூ அழுத்திப் பாருங்கள். சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தியிருந்தால் திரை நிற்கும், கியூதான் அதை விடுவிக்கும்.

9. கோப்புகளை அனுப்புவது

ஒரு கோப்பு என்றால் எஸ்சிபி போதும். அதில் போர்ட் எண்ணுக்குப் பெரிய எழுத்து பி, எஸ்எஸ்ஹெச்சில் சிறிய எழுத்து பி. கான்ஃபிக் கோப்பில் போர்ட்டை எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

ஃபோல்டர் என்றால் ஆர்சிங்க். மாறியதை மட்டும் அனுப்பும், அறுந்தால் விட்ட இடத்துக்கு அருகிலிருந்து தொடரலாம். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் கடைசிச் சாய்கோடு. மூல ஃபோல்டர் பெயரின் முடிவில் சாய்கோடு இருந்தால் 'உள்ளே இருப்பவற்றை அனுப்பு', இல்லாவிட்டால் 'ஃபோல்டரையே அனுப்பு'. இதோடு டிலீட் தெரிவும் (முன்னால் இரண்டு கழித்தல் குறி) சேர்ந்தால், மூலத்தில் இல்லாதவை எல்லாம் இலக்கில் அழிக்கப்படும். சாய்கோடு தப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் டிலீட் உள்ள எந்த ஆர்சிங்கையும் முதலில் -என் சேர்த்து ஓட்டுங்கள். என்ன செய்யும் என்று காட்டும், எதையும் செய்யாது. உடன் -வி சேர்த்தால்தான் பட்டியல் தெரியும். பட்டியலைப் படித்த பிறகு மேல் அம்புக்குறியால் அதே கட்டளையை எடுத்து, -என் தெரிவை மட்டும் நீக்கி ஓட்டுங்கள். மறுபடி தட்ட வேண்டாம், புதுப் பிழை நுழையும்.

10. உள்ளே மட்டும் கேட்கும் சேவையை எட்டுவது

டேட்டாபேஸை வெளியே திறக்காமல் உங்கள் கணினியிலிருந்து பார்க்க, எஸ்எஸ்ஹெச்சில் -எல் (பெரிய எழுத்து) தெரிவு: 5433:லோக்கல்ஹோஸ்ட்:5432. உங்கள் கணினியின் 5433-ஐத் தட்டினால் சர்வரின் 5432 திறக்கும். நடுவில் உள்ள லோக்கல்ஹோஸ்ட் சர்வரின் பார்வையில் லோக்கல்ஹோஸ்ட், உங்களுடையது அல்ல. இது புரிந்தால் டனல் எனப்படும் இந்த வழி முழுவதும் புரிந்த மாதிரி.

11. சர்வர் மெதுவானால் எந்த வரிசையில் பார்ப்பது

முதல் கை ரீஸ்டார்ட்டுக்குப் போகும். போக விடாதீர்கள். மீண்டும் தொடங்கினால் பிரச்சினை சிறிது நேரம் மறையும், காரணத்தின் தடயமும் சேர்ந்து மறையும். முதலில் இரண்டு நிமிடம் பாருங்கள்.

அப்டைம் தட்டினால் கடைசியில் மூன்று எண்கள் வரும்: 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமை. என்ப்ராக் எத்தனை ப்ராசசர் என்று சொல்லும். சுமை 4 என்பது 4 ப்ராசசர் உள்ள சர்வருக்கு நிறைந்த வேலை, ஒன்று மட்டும் உள்ளதற்கு நெரிசல். லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ்களும் இந்தச் சுமையில் சேரும். எனவே சுமை அதிகம், ஆனால் ப்ராசசர் சும்மா இருக்கிறது என்றால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள்.

ஃப்ரீ -ஹெச் தட்டி அவெய்லபிள் என்ற பத்தியைப் பாருங்கள், ஃப்ரீ என்ற பத்தியை அல்ல. காலியான நினைவகத்தை லினக்ஸ் கோப்புகளின் தற்காலிக நகலுக்குப் பயன்படுத்தும். தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். ஃப்ரீ குறைவாக இருப்பது நோயல்ல.

டிஎஃப் -ஹெச் டிஸ்க்கின் இடத்தைக் காட்டும். இடம் இருக்கிறது, ஆனாலும் எழுத முடியவில்லை என்றால் டிஎஃப் -ஐ. சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடு (கோப்பு ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பதிவிடம்) தீர்ந்திருக்கலாம். பெரிய லாகை அழித்தும் இடம் திரும்பவில்லையா? ஏதோ ஒரு ப்ராசஸ் அந்தக் கோப்பை இன்னும் பிடித்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 (எல் பெரிய எழுத்து) தெரிவோடு இயக்கினால் யார் என்று தெரியும். அந்தச் சேவையை மீண்டும் தொடங்கினால் இடம் திரும்பும். ஓடிக்கொண்டிருக்கும் லாகை ஆர்எம் செய்யாமல் ட்ரன்கேட் கட்டளையால் காலியாக்கியிருந்தால் இந்த நிலையே வராது.

அதன் பிறகு சிஸ்டம்சிடிஎல் கட்டளையை ஃபெயில்டு தெரிவோடு (முன்னால் இரண்டு கழித்தல் குறி) ஓட்டி, விழுந்த சேவைகளைப் பாருங்கள். ஜர்னல்சிடிஎல் -யூ சேவைப் பெயர் அதன் லாகைத் தரும், -எஃப் சேர்த்தால் நேரலையாக ஓடும். யாரும் தொடாமல் ஒரு சேவை செத்திருந்தால் டிஎம்இஎஸ்ஜி கட்டளையைத் தட்டிப் பாருங்கள். நினைவகம் தீர்ந்து கர்னலே கொன்றிருந்தால் அங்கே எழுதியிருக்கும்.

எந்தப் போர்ட்டில் யார் கேட்கிறார்கள் என்பதற்கு சூடோ எஸ்எஸ் -டிஎல்என்பி (டிசிபி, லிசன், நியூமெரிக், ப்ராசஸ் என்பவற்றின் முதல் எழுத்துகள்). 127.0.0.1 என்றால் உள்ளே மட்டும். 0.0.0.0 என்றால் எல்லா முகவரிகளிலும்.

12. திரும்பும் வழியோடு மாற்றுங்கள்

நெட்வொர்க்கை மாற்றும்போது, தவறினால் சர்வர் தானே பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்துவிட்டு மாற்றுங்கள். உபுண்டுவில் நெட்பிளான் அப்ளைக்குப் பதில் நெட்பிளான் ட்ரை: 120 நொடிகளுக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடும்.

ஃபயர்வாலுக்கு நாமே செய்யலாம். டிமக்ஸில் ஒரு ஜன்னலில், 300 நொடி தூங்கி, பிறகு யூஎஃப்டபிள்யூ டிசேபிள் இயக்கும்படி விட்டுவிட்டு, மற்ற ஜன்னலில் மாற்றம் செய்யுங்கள். எல்லாம் சரி என்றால் தூங்குவதை ரத்து செய்துவிடுங்கள். முழு வரியையும் சூடோ எஸ்ஹெச் -சி என்பதற்குள் போடுங்கள். தூக்கத்துக்குப் பிறகு சூடோ வைத்தால், ஐந்து நிமிடம் கழித்து அது பாஸ்வேர்டு கேட்டு நிற்கலாம், தட்ட நீங்கள் உள்ளே இருக்க மாட்டீர்கள்.

ரீபூட்டுக்கு முன் மூன்று பார்வை. எந்தச் சர்வர் என்று ஹோஸ்ட்நேம் தட்டிப் பாருங்கள். டெபியன், உபுண்டுவில் மோலி-கார்ட் நிறுவினால், எஸ்எஸ்ஹெச் வழியாக ரீபூட் செய்யும்போது சர்வரின் பெயரைத் தட்டச் சொல்லும். அடுத்து, வேண்டிய சேவைகள் எனேபிள் ஆகியிருக்கின்றனவா? ஸ்டார்ட் செய்தது இப்போதைக்கு மட்டும், எனேபிள் செய்தால்தான் ரீபூட்டுக்குப் பிறகும் எழும். கடைசியாக, எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் தொட்டிருந்தால் ஃபைண்ட்எம்என்டி கட்டளையின் வெரிஃபை தெரிவால் (முன்னால் இரண்டு கழித்தல் குறி) சரிபாருங்கள். அதில் ஒரு தவறான வரி இருந்தால் சர்வர் அவசர நிலையில் நின்றுவிடும், எஸ்எஸ்ஹெச் வராது. பிறகு கன்சோல்தான் வழி.

13. பல சர்வர்களில் ஒரே கட்டளை

பெயர்களைக் கோப்பில் வைத்து, வைல் ரீட் லூப்பில் எஸ்எஸ்ஹெச் ஓட்டினால் முதல் சர்வரோடு நின்றுவிடும். கோப்பின் மீதி வரிகளை எஸ்எஸ்ஹெச்சே உள்ளீடாக விழுங்கிவிடுவதுதான் காரணம். எஸ்எஸ்ஹெச்சுக்கு -என் கொடுத்தால் விழுங்காது.

கட்டளையை இரட்டை மேற்கோளில் போட்டால், டாலர் குறியோடு இருப்பவை உங்கள் கணினியிலேயே மதிப்பாக மாறிவிட்டுத்தான் சர்வருக்குப் போகும். ஒற்றை மேற்கோளில் போட்டால் சர்வரில் மாறும். எல்லாச் சர்வர்களும் உங்கள் மடிக்கணினியின் பெயரையே பதிலாகச் சொன்னால், மேற்கோளைப் பாருங்கள். எப்போதும் ஒரு சர்வரில் ஓட்டி, பார்த்து, பிறகு மற்றவை. ஒரே மாற்றத்தை அடிக்கடி பல சர்வர்களில் செய்கிறீர்கள் என்றால் அதற்கென உள்ள ஆன்சிபிள் கருவியைக் கற்கும் நேரம் வந்துவிட்டது.

14. இணைப்பு வராதபோது

பிழைச் செய்தியின் சொற்களைப் படியுங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைக் காட்டும்.

கனெக்‌ஷன் டைம்டு அவுட் என்றால் பதிலே வரவில்லை: ஐபி தவறு, சர்வர் அணைந்திருக்கிறது, அல்லது ஃபயர்வால் சத்தமில்லாமல் தடுக்கிறது. இங்கே சாவியைத் தோண்டிப் பயனில்லை. கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்றால் பெரும்பாலும் சர்வர் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க யாரும் இல்லை: எஸ்எஸ்ஹெச்டி விழுந்திருக்கிறது அல்லது போர்ட் எண் வேறு. பெர்மிஷன் டினைடு என்றால் வாசல்வரை போய்விட்டீர்கள். பயனர் பெயர், சாவி, நான்காம் பகுதியில் சொன்ன அனுமதிகள், இந்த வரிசையில் பாருங்கள்.

அதற்கும் பிடிபடாவிட்டால் எஸ்எஸ்ஹெச் -வி, சிறிய எழுத்தில். எந்தச் சாவியை நீட்டியது, சர்வர் எதை மறுத்தது என்று வரிவரியாகச் சொல்லும். அதே நேரத்தில் கன்சோலில் எஸ்எஸ்ஹெச் சேவையின் லாகை ஜர்னல்சிடிஎல் -எஃப் வைத்து ஓடவிட்டு, மறுபடி இணைய முயலுங்கள். உங்கள் பக்கம் வாசல் மூடியிருப்பது மட்டும் தெரியும், ஏன் மூடியது என்பது அந்தப் பக்கத்து லாகில் எழுதியிருக்கும்.